ரிஜெக்‌ஷன் நோட்டு

எங்கள் லைனில் யாருக்காவது அடி விழுந்தால் முதலில் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "நீ இன்னா பண்ண?" வலிக்கிறதா, ரத்தம் நின்றதா, ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்பதெல்லாம் அப்புறம். திருமுல்லைவாயில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடை, வரிசையாகப் பதினோரு வீடுகள், எல்லாருக்கும் சேர்த்து ஒரு அடிபம்பு. நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர் என்பதால் யார் யாரை அடித்தாலும் மூன்று வீடுகளுக்குக் கேட்கும். அடி ஓய்ந்ததும் பக்கத்து வீட்டார் வந்து நின்று அந்தக் கேள்வியைக் கேட்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்கள் பக்கத்தில் அதுதான் நலம் விசாரிப்பது.

நைனா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டும் டர்னர். ஒருமுறை கம்பெனி கேட்டில் இரண்டு யூனியன்களுக்கும் சண்டை மூண்டு, மண்டை உடைந்து, சட்டையெல்லாம் ரத்தமாக வீட்டுக்கு வந்தார். அம்மா காப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அப்பிக்கொண்டே கேட்டாள், "நீ இன்னா பண்ண?" நைனா உண்மையாகவே யோசித்தார். "நான் முன்னாடி நின்னேன்" என்றார். "அத்தானே பாத்தேன்" என்று அம்மா துணியை இறுக்கிக் கட்டினாள். அதோடு விஷயம் முடிந்தது.

அந்த நைனா எங்களை அடிக்க வைத்திருந்தது, பட்டறையில் கழித்துப்போட்ட வி-பெல்ட். மெஷினில் ஓடித் தேய்ந்ததை ஒரு இடத்தில் வெட்டி நீளமாக்கி, கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருப்பார். அதில் அடித்தால் தோல் கிழியாது, தடிக்கும். ஒரே அடிக்கு இரண்டு கோடு விழும், நடுவில் வெள்ளையாக இருக்கும். என்னைவிட இரண்டு வயது பெரியவளான அக்கா வாய் திறக்காமல் வாங்கிக்கொள்வாள். நான் பெல்ட்டையே பிடித்து இழுப்பேன், அதற்குத் தனியாக நாலு விழும். பிறகு ஒருத்தி முதுகில் ஒருத்தி தேங்காயெண்ணெய் தடவும்போது அக்கா கேட்பாள், "நீ இன்னாடி பண்ண?" நான் சொல்வேன். "அப்ப சரி" என்பாள்.

நான் வக்கீலுக்குப் படிக்கப் போனதற்கும் அந்தக் கேட் சண்டைதான் காரணம். வழக்கில் நைனாவைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். எதிர்க்கட்சி வக்கீல் கேட்ட கேள்விகளில் திணறிப் போய்த் திரும்பியவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "அடிச்சிருந்தாகூட தாங்கியிருப்பேன். அவன் கேட்ட கேள்வில எனக்கு என் பேரே மறந்துபூச்சு" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இதுக்குக் கீற வாய்க்கு இது வக்கீலுக்குத்தான் லாயக்கு." லைனில் எல்லாரும் என்னைத் திட்டுகிற வார்த்தைதான் அது. அன்றைக்கு மட்டும் திட்டாக இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ப்ளஸ் டூ முடித்திருந்தேன். ஐந்து வருஷச் சட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டென்று கண்டுபிடித்துச் சொன்னவள் என் வகுப்புத் தோழி. அவளை நான் ஆவடிக்காரி என்றே கூப்பிடுவேன், அவளும் என்னை முல்லைவாயில் என்பாள். கிறிஸ்தவக் குடும்பம், குரல் உயர்த்தாத வீடு. அவளுடைய அப்பா ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தார். அந்த வீட்டில் முதல்முறை சாப்பிட்டபோது, அவளுடைய தம்பி குழம்பைக் கவிழ்த்துவிட்டான். நான் சட்டென்று தட்டோடு பின்னால் நகர்ந்தேன். யாரும் அவனை அடிக்கவில்லை. அவன் அம்மா துணி கொண்டுவந்து துடைத்தாள், அவ்வளவுதான். எனக்கு அந்த வீடு கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு கைடு. காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடித்து ஆவடிக்குப் போனால் சாயங்காலம் வரை படிப்போம். பொது அறிவு, ஆங்கிலம், கணக்கு என்று எல்லாம் இருந்தாலும் என்னை மண்ணைக் கவ்வ வைத்தது சட்ட அறிவுப் பகுதிதான். ஒரு விதி கொடுப்பார்கள், அதன் கீழே ஒரு சின்னக் கதை, அதன் கீழே நாலு விடை. கதையில் யார் மேல் குற்றம் என்று விதியை மட்டும் வைத்துச் சொல்ல வேண்டும். வாய்க்கு வக்கீல் என்று பேர் வாங்கியவளுக்கு அதில் பாதிகூடத் தேறவில்லை. ஆவடிக்காரிக்கு ஒன்றோ இரண்டோதான் தப்பும். எனக்கு வயிறு எரியும்.

அவள்தான் ஒரு வழி சொன்னாள். அவளுடைய அப்பாவின் தொழிற்சாலையில் ஒரு உருப்படி அளவு தப்பினால் அதைச் சும்மா தூக்கிப் போட மாட்டார்களாம். ரிஜெக்‌ஷன் என்று ஒரு சீட்டு கட்டுவார்களாம். என்ன உருப்படி, என்ன தப்பு, எதனால் வந்தது என்று எழுதிய பிறகுதான் கழிவுக்குப் போகும். "நாமளும் அப்படிக் கட்டுவோம்டி" என்றாள். நைனா கம்பெனியிலிருந்து கொண்டுவரும், ஒரு பக்கம் காலியான ஒன்சைடு பேப்பரைத் தைத்து நோட்டு பண்ணினேன். பக்கத்துக்கு மூன்று கட்டம். முதலில் கேள்வி, இரண்டாவதில் நான் போட்ட தப்பு விடை, மூன்றாவதில் ஏன் போட்டேன் என்ற காரணம். "மூணாவது கட்டத்துல மட்டும் பொய் எழுதக் கூடாது" என்பது அவள் போட்ட சட்டம். ரிஜெக்‌ஷன் நோட்டு என்று அட்டையில் எழுதினேன்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு காலையில் அக்கா வந்து நின்றாள். பருத்திப்பட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவருக்கு அவளைக் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. பேசும்போது ரத்தம் பல்லில் பட்டு, பேச்சை நிறுத்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். அம்மா கேட்டாள், "நீ இன்னாடி பண்ண?" ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நைனாவும் கேட்டார்.

"மீன் கொழம்புல உப்பு கம்மின்னாரு. உப்பு ஜாடிய அவராண்ட நவுத்தினேன்" என்றாள் அக்கா. "அந்த ஜாடியாலயே அடிச்சாரு."

நான் மூலையில் கைடும் கையுமாக இருந்தேன். ஒற்றை அறை வீடு. அவள் தேம்பத் தேம்ப ஒரு வரிகூட ஓடவில்லை.

"நீ இன்னாத்துக்கு நவுத்தற? எடுத்துப் போட்டுட்டுப் போவ வேண்டியதுதான? நவுத்தினா திமிருன்னுதான் நெனப்பாரு" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் எதிர்பார்த்தது என் வாயைத்தான் என்று இப்போது தோன்றுகிறது. வீட்டிலேயே பெரிய வாய் என்னுடையது, அது அவள் பக்கம் திறக்கும் என்று நம்பி வந்திருப்பாள். சாயங்காலம் நானே அவளை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போய் விட்டேன். வழியெல்லாம் புத்தி சொன்னேன். அவர் கோபமாக இருந்தால் வாயை மூடிக்கொள், ஒன்றும் செய்யாதே, ஒன்றுமே செய்யாதவளை யார் அடிப்பார்கள் என்று, ஏதோ ஹைகோர்ட்டில் தீர்ப்பு வாசிக்கிற மாதிரி. அவள் தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். அவள் புருஷன், என் மாமா, வாசலில் நின்று, "படிக்கிற பொண்ணு, வேலை மெனக்கெட்டு வந்துகீறியே" என்று எனக்குக் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். நான் குடித்தேன். அந்தக் கலர் இன்னும் தொண்டையில் நிற்கிறது.

ஒன்பது நாள் போயிருக்கும். அக்கா வந்துபோனதை மட்டும் ஆவடிக்காரியிடம் சொல்லியிருந்தேன். ஆவடிக்காரி என் நோட்டை வாங்கி முதலிலிருந்து படித்தாள். நான் தரையில் மல்லாந்து கிடந்தேன். அவள் நடுநடுவே சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டே போனாள். கடைசியில் எழுந்து உட்காரச் சொன்னாள்.

"உன்னுதெல்லாம் நெறைய தப்பு இல்லடி. ஒரே தப்பு. திரும்பத் திரும்பப் போட்டிருக்க."

"இன்னா தப்பு?"

"அடி வாங்கினவன் மேலயே பழி போட்டிருக்க. இந்தா, பஸ்ஸுல பயணி திட்டினான், கண்டக்டர் அவன் பல்லை உடைச்சிட்டான். திட்டினா அடிக்கலாம்னு விதியில இருக்கா? இல்ல. நீ ரெண்டு பேர் மேலயும் தப்புன்னு போட்டிருக்க. ஏன்னு கேட்டா, 'அவன் திட்டாம இருந்திருக்கலாம்'னு எழுதியிருக்க. வேலைக்காரனுக்குச் சூடு வச்ச கணக்கு, அதுலயும் அப்படித்தான். நாய் கடிச்ச கணக்குலகூட, நாய் முன்னாடி அவன் ஏன் போனான்னு கேட்டிருக்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"விதியில இல்லாத ஒண்ண எங்கேருந்து எடுத்துட்டு வர்ற?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் தயங்கி, "உங்க அக்காவையும் இப்படிச் சொல்லித்தான் திருப்பி அனுப்பினியா?" என்றாள்.

அறைந்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை போய்விட்டது. கண்ணாடி வளையல் உடைந்து அவள் கன்னத்தில் கீறி ரத்தம் எட்டிப் பார்த்தது. சமையல்கட்டில் அவள் அம்மா பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. வாயைத் திறந்தேன், மன்னிப்பு வரும் என்றுதான் நானே நினைத்தேன்.

"நீ ஏன் அப்படிச் சொன்ன?" என்றுதான் வந்தது.

அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நோட்டை என் மடியில் வைத்தாள். "இதையும் எழுது" என்றாள்.

எழுதினேன். கேள்வி: சிநேகிதி உண்மையைச் சொன்னாள். என் விடை: அறைந்தேன். மூன்றாவது கட்டத்தில் 'அவள் சொன்னதால்' என்று எழுதிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உப்பு ஜாடியை நகர்த்தினதால். முன்னால் நின்றதால். திட்டினதால். எங்கள் லைனில் பிறந்ததிலிருந்து நான் கேட்ட எல்லா அடிக்கும் ஒரு 'ஆல்' இருந்தது, அது எப்போதும் அடிபட்டவர் பக்கம்தான் இருந்தது. அடித்தவரைப் பார்த்து யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. நான் கேட்டதில்லை. அந்த வரியை அடித்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஆவடியிலிருந்து பருத்திப்பட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அக்கா வீடு பூட்டியிருந்தது. திண்டாடி நின்ற என்னிடம் எதிர்வீட்டம்மா சொன்னாள், "காலைலயே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு பூட்டாங்க. காதுல ரத்தம். அது இன்னா பண்ணுச்சோ."

அரசு ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில். இடது காதில் பஞ்சு, அந்தப் பக்கக் கன்னத்தில் ஐந்து விரலும் எண்ணிச் சொல்கிற மாதிரி பதிந்திருந்தது. வெல்டிங் பிடிக்கிற கை அது, இரும்பைத் தூக்கிப் பழகியது. செவிப்பறை கிழிந்து உள்காதிலும் அடி, அந்தக் காது இனிக் கேட்காது என்று நர்ஸம்மா சொன்னாள். மாமா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பன்னைக் காப்பியில் நனைத்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டம்ளர் கழுவ எழுந்து போனார்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. அக்காவே சொன்னாள்.

"இந்த தபா நான் ஒண்ணும் பண்ணலடி. நீ சொன்னாமேரியே வாய மூடிகினு ஒக்காந்திருந்தேன். 'நான் கேட்டுகினே கீறேன், நீ இன்னா கம்முனு கீற'ன்னு அடிச்சாரு."

அவள் குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. கணக்கு ஏன் தப்பாகப் போனது என்று கேட்கிற குரல் அது. அதுதான் என்னைக் கொன்றது. மாமா டம்ளரோடு திரும்பி வருவதற்குள் அவள் துணிமணியைப் பையில் திணித்தேன். வார்டு வாசலில் அவர் மறித்தபோது, அந்த டம்ளரைத் தட்டிவிட்டு, "கிட்ட வந்தீனா கடிச்சிடுவேன்" என்றேன். பத்துப் பெண்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்ததால் ஒதுங்கி நின்றார். அக்காவைத் திருமுல்லைவாயிலுக்குக் கூட்டி வந்தேன்.

தேர்வுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை, மாமா தன் அண்ணனோடு அவளை அழைத்துப் போக வந்தார். லைன் முழுக்க எங்கள் வாசலில். ஆண்கள் பாயில், பெண்கள் நின்றபடி. மாமாவின் அண்ணன்தான் ஆரம்பித்தார். "நீ இன்னாம்மா பண்ண? சொம்மா ஒருத்தன் அடிப்பானா?" அவர் உட்கார்ந்திருந்தது அக்காவுக்கு இடது பக்கம். அவளுக்குக் கேட்கவில்லை. எல்லாரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்து அவள் முழுசாகத் திரும்பி, "இன்னா கேட்டீங்க?" என்றாள்.

"மாமா, நீங்க இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"இன்னாது?" என்றார் மாமா.

"அவ இன்னா பண்ணான்னு எல்லாரும் கேட்டாச்சு. நீங்க இன்னா பண்ணீங்க?"

ஆம்பளைங்க பேசும்போது பொட்டச்சிக்கு இன்னா பேச்சு என்று அவருடைய அண்ணன் எழுந்தார். நைனா அதற்கு முன்பே எழுந்து கதவுக்குப் பின்னால் போயிருந்தார். வி-பெல்ட் முதுகில் விழுந்தது. வாசல் தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது தோளில், மூன்றாவது அதே இடத்தில். ஜாக்கெட் தோலில் ஒட்டிக்கொண்டது. இந்த முறை பெல்ட்டைப் பிடித்து இழுக்கவில்லை. மூச்சு வந்ததும் கேட்டேன், "மாமா, நீங்க இன்னா பண்ணீங்க?" நாலாவது விழுந்தது. மறுபடி கேட்டேன். குரல் எனக்கே அடையாளம் தெரியாத மாதிரி இருந்தது. அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள்.

ஐந்தாவதற்குக் கை ஓங்கிய நைனா நின்றார். மூச்சு வாங்கியது அவருக்கு. கோர்ட்டிலிருந்து வந்த அன்று உட்கார்ந்திருந்த அதே மாதிரி சட்டையோடு தரையில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கவில்லை.

"கேட்டதுக்கு பதில் சொல்லிட்டுக் கூட்டிகினு போ மாப்ள" என்றார்.

மாமா வாயைத் திறந்தார். உப்பு என்றார், கம்முனு இருந்தாள் என்றார், அப்புறம் இரண்டுமே அக்கா செய்தது என்று அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். தான் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அறைந்தேன் என்று சொல்ல வேண்டும், அத்தனை பேர் முன்னால், பஞ்சு வைத்த காதைப் பார்த்துக்கொண்டு. சொல்லவில்லை. எழுந்து, வாசலில் இருந்த எங்கள் குடத்தை எட்டி உதைத்து நசுக்கிவிட்டுப் போனார். அவருடைய அண்ணனும் போனார். அக்கா எங்களோடு இருந்துவிட்டாள். வி-பெல்ட் மறுபடி ஆணிக்குத்தான் போனது, அதில் நான் ஒன்றும் அதிசயம் சொல்ல மாட்டேன். ஆனால் நைனா அதை எடுத்தது அதுதான் கடைசி.

தேர்வு எழுதப் பட்டணத்துக்கு ஆவடிக்காரியோடுதான் போனேன். ட்ரெயினில் முதுகைச் சாய்க்க முடியாமல் முன்னால் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். அவள் கன்னத்துக் கீறல் காய்ந்திருந்தது. நோட்டில் அவளைப் பற்றிய பக்கத்தை எடுத்துக் காட்டினேன். அடித்துவிட்ட வரிக்குக் கீழே, 'எனக்கு அடிக்கத்தான் தெரியும், அதனால்' என்று எழுதியிருந்தேன். படித்துவிட்டு, சிவப்புப் பேனாவால் ஒரு டிக் போட்டுத் திருப்பித் தந்தாள். எனக்கு இடம் கிடைத்தது. கணக்கில் கோட்டை விட்டதால் அவளுக்குக் கிடைக்கவில்லை. அந்த அநியாயத்துக்கு என்னிடம் எந்த விதியும் இல்லை.

கல்லூரி ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா எனக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள், கேட்கிற காது என் பக்கம் இருக்க வேண்டுமென்று. புத்தகங்களுக்கு நடுவே அந்த நோட்டைப் பார்த்து எடுத்தாள். பத்தாவது வரை படித்தவள், விரல் வைத்து மெதுவாகப் படிப்பாள். பிடுங்கலாமா என்று நினைத்தேன். கடைசிப் பக்கம் வரை போய்விட்டாள்.

அந்தப் பக்கத்தைத் தேர்வு முடிந்த பிறகு எழுதினேன். கேள்வி: உதடு கிழிந்து அக்கா வந்தாள். என் விடை: திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். மூன்றாவது கட்டம் மட்டும் பல நாள் காலியாக இருந்தது. லைனில் எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள் என்று ஒருமுறை எழுதினேன். எனக்கு அப்போது தெரியாது என்று ஒருமுறை எழுதினேன். இரண்டையும் அடித்தேன். பொய் எழுதக் கூடாது என்பது சட்டம். கடைசியில் இப்படி எழுதினேன்: 'அவள் வீட்டில் இருந்தால் என்னால் படிக்க முடியாது.'

அக்கா அந்த வரியில் விரலை வைத்தபடி இருந்தாள். என்னைத் திட்டு, அடி, ஏதாவது செய் என்று கெஞ்சத் தோன்றியது.

"இது எனக்கு அன்னிக்கே தெரியும்டி" என்றாள். "பஸ்ஸுல நீ எனக்குப் புத்தி சொல்லிகினே வந்தப்போ, மடியில கைடு தொறந்துதான் இருந்துச்சு."

நோட்டை மூடிப் பெட்டியில் என் துணிகளுக்கு அடியில் வைத்தாள். பிறகு அடுத்த பாவாடையை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.